நமீபியச் சரளைச் சாலையில் டயர் காற்றுதான் முக்கியம்
ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) எடுத்துவிட்டால் நமீபியாவில் எந்தச் சாலைக்கும் பயப்பட வேண்டாம் என்று ஒரு பயணக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நமீப் பாலைவனத்துச் சோலிட்டேர், செஸ்ரியம் பக்கச் சரளையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போய்த் திருப்பத்தில் பிரேக் அடித்தால் எந்த வண்டியும் உருளும். அலையலையான மேட்டில் டயர் தரையைவிட்டு எழும்பி எழும்பி விழும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. காற்றை 35-லிருந்து 26 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, 80-க்குள் ஓட்டுங்கள். தார்ச்சாலை வந்ததும் காற்றை ஏற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் டயரின் பக்கவாட்டு சூடேறி வெடித்துவிடும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மணலில் வெறும் ஜாக்கி அப்படியே புதைந்துபோகும். எட்டோஷா தேசியப் பூங்காவுக்குள் வேக வரம்பே 60தான்; சூரியன் மறைவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துத் தூரத்தைத் திட்டமிடுங்கள்.