பல் பிரிட்ஜுக்கு ஒரே கோடு (code) போதுமா?

அமெரிக்கப் பல் இன்சூரன்ஸில் மூன்று பல் பிரிட்ஜுக்கு (இல்லாத பல்லின் இடத்தில், இருபக்கப் பற்கள் தாங்க வைக்கும் செயற்கைப் பல் வரிசை) ஒரே கோடு, அதாவது பில்லில் போடும் சிகிச்சைக் குறியீடு, போதும், தாங்கும் பற்களைச் சாதாரணக் கிரவுன் (பல்லுறை) என்றும் காட்டலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

கீழ் இடது முதல் கடைவாய்ப் பல், அதாவது அமெரிக்கப் பல் எண்ணில் 19, இல்லை என்று வையுங்கள். தங்கம் மிகுந்த உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய பிரிட்ஜ் என்றால் அதன் இருபக்கமும் தாங்கும் 18, 20 இரண்டுக்கும் தனித்தனியே டி6750 என்ற கோடு. நடுவில் தொங்கும் 19-க்கு டி6240. ஆக, பில்லில் மூன்று வரி. டி2750 தனித்து நிற்கும் கிரவுனுக்குத்தான். தெரிந்தே அதை இங்கே போட்டால் அது பொய்க் கணக்கு, வேறென்ன?

எக்ஸ்ரேயோடு, 19-ஐப் பிடுங்கிய தேதியும் வேண்டும். பாலிசி எடுக்கும் முன்பே போன பல்லுக்குப் பல திட்டங்கள் காசு தருவதில்லை. பழைய பிரிட்ஜை மாற்றுகிறீர்களா? அதைப் பொருத்திய தேதியையும் எழுதுங்கள். படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடலாம்.