'நம்ம சபை ஆள்தானே!'

பைபிளில் கலாத்தியர் 6:10-ல் 'விசேஷமாக' என்று ஒரு சொல் இருக்கிறது. யாவருக்கும் நன்மை செய்யுங்கள், விசேஷமாக விசுவாசக் குடும்பத்தாருக்கு, அதாவது சபையாருக்கு, என்கிறார் பவுல். நாம் அதை 'விசேஷத் தள்ளுபடி' என்று வாசித்துக்கொண்டோம் போல.

எல்லாச் சபையிலும் ஒரு எலக்ட்ரீசியன் பிரதர் இருப்பார். துணி தைக்கும் ஒரு அக்கா, டியூஷன் எடுக்கும் ஒரு தங்கச்சி இருப்பார்கள். வெளியாள் என்றால் கூலி பேசி, வேலை முடிந்ததும் எண்ணிக் கொடுத்துவிடுவோம். சபை ஆள் என்றால் ஆராதனை முடிந்த கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போய், 'ஒரு ஸ்விட்ச்தான் பிரதர்' என்று ஆரம்பித்து மூன்று மணி நேரம் வேலை வாங்கி, 'கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்' என்று வழியனுப்புவோம். அவரும் சிரித்துக்கொண்டே போவார். வாய் திறந்து கேட்டால் பண ஆசைக்காரர் என்று பேர் வருமே! கூலியாளுக்கு அன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம் 24:15. அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது.

ஆகவே பணப் பேச்சை வேலை கொடுப்பவர்தான் முதலில் எடுக்க வேண்டும். 'மத்தவங்ககிட்ட என்ன வாங்குவீங்களோ அதையே சொல்லுங்கண்ணே.' வயர், ஸ்விட்ச் வாங்கும் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், கூலியை அன்றைக்கே. அவராகக் குறைத்துக்கொண்டால் அது அவருடைய தயவு. நாம் கேட்டுக் குறைத்தால் அதற்கு வேறு பெயர்.

அடுத்தது, 'ஏதாவது தேவைன்னா சொல்லுங்க.' நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் என்ன தேவை என்று யோசிக்கிற வேலையையும், கேட்கிற கூச்சத்தையும் கஷ்டத்தில் இருப்பவர் தலையிலேயே வைத்துவிட்டு வருகிறோம். 'குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறவனை, 'அதனால் பிரயோஜனம் என்ன?' என்று யாக்கோபு தன் நிருபத்தில் கேட்கும் கேள்வி நமக்கும்தான். நாள், நேரம், வேலை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வந்துடட்டுமா?' சரி, வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். சாப்பாடு கொடுப்பதென்றால் சர்க்கரையா, உப்புக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். யார் எந்த நாள் என்று ஒருவர் குறித்து வைக்காவிட்டால் ஞாயிறன்று நாலு வீட்டுச் சாப்பாடு வந்து வீணாகும், வியாழனன்று அடுப்பு எரியாது. திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொடுங்கள். கழுவித் தேடிவந்து கொடுப்பதும் அவர்களுக்கு ஒரு வேலைதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். சளி, இருமல் இருந்தால் போகாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்து பேசுங்கள். 'எங்க பெரியப்பாவுக்கும் இதேதான்...' என்று தொடங்கும் எந்தக் கதையும் நல்லபடி முடிவதில்லை. 'ஜெபிக்கலாமா?' என்று கேட்டுவிட்டு, மெதுவான குரலில், சுருக்கமாக ஜெபியுங்கள், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்க முயன்றுகொண்டிருப்பார். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள், ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள். காரணம் சொல்ல வாய் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. கூட இருந்து கவனிப்பவரையும் மறக்கக் கூடாது. 'நான் இங்க ரெண்டு மணி நேரம் இருக்கேன், நீங்க போய்க் குளிச்சுத் தூங்கிட்டு வாங்க' என்று சொல்ல ஆள் இருந்தால் அவருக்கு அதுதான் பெரிய உதவி.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய நோயும் கடனும் கணவன் மனைவி சண்டையும் வாட்ஸ்அப் குழுவில் பரவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. போடுவதற்கு முன் அவரிடமே கேளுங்கள்: பேர் போடலாமா, எதுவரை சொல்லலாம்? சம்மதம் இல்லையென்றால் உங்கள் அறைக்குள் ஜெபியுங்கள்.

சபைக்கு வெளியே நம் தவறு வேறு மாதிரி. அங்கே உதவிப் பைக்குள் சுவிசேஷம் அச்சிட்ட ஒரு கைப்பிரதியையும் செருகிவிடுகிறோம். வாங்குகிறவருக்கு அது விலைச்சீட்டு மாதிரி தெரியும். லூக்கா 10-ல் வரும் சமாரியன் காயம்பட்டவனை நீ யார், எந்த ஊர் என்று கேட்டதாகக்கூட இல்லை. காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். மத்தேயு 20-ல் ஒரு நாள் கூலி ஒரு பணம், அதை வைத்துப் பார்த்தால் இது இரண்டு நாள் கூலி. மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். என்னைக் கேட்டால், உதவியும் கைப்பிரதியும் ஒரே நாளில் போகக் கூடாது.

இழவு வீட்டைப் பற்றி ஒன்று. அடக்க ஆராதனையன்று உட்கார இடம் இருக்காது. ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுப் போன் அடிப்பதே நின்றுவிடும். போன் காலண்டரில் அந்த முப்பதாம் நாளையும், வரப்போகும் முதல் கிறிஸ்துமஸையும் இப்போதே குறித்து வையுங்கள். அன்று போகும்போது, இறந்தவர் பேரைச் சொல்லியே பேசுங்கள். பேங்க், பென்ஷன், இன்சூரன்ஸ் என்று நிரப்பாத படிவங்கள் மேசையில் கிடக்கும். 'எடுங்கக்கா, இன்னைக்கு இதை முடிச்சிடலாம்' என்று பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.