30 நொடிக் குரல் பதிவில் மனச்சோர்வு தெரியுமா? உண்மை விளக்கம்

“30 நொடி பேசி அனுப்புங்க, மனச்சோர்வு இருக்கான்னு ஏஐ 90 சதவீதம் கரெக்டா சொல்லிடும், டாக்டரே வேண்டாம்” என்றொரு செய்தி மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு.

குரலை வைத்து ஆராய்ச்சி நடப்பது நிஜம். ஆனால் அதில் அதிகம் புழங்கும் டெய்க்-வாஸ் தரவுத்தொகுப்பு, அமெரிக்காவில் ஆங்கிலத்தில் பதிவான 189 நேர்காணல்கள்தான். அதிலும் ‘சரியான விடை’ என்று கொடுக்கப்பட்டிருப்பது டாக்டரின் முடிவல்ல. மனச்சோர்வு பற்றிய பிஎச்க்யூ-8 என்ற எட்டுக் கேள்விப் படிவத்தை அவரவரே நிரப்பியதில் வந்த மதிப்பெண். மதுரைத் தமிழ், மாட்டுத்தாவணி பஸ் இரைச்சல் எதுவும் அதில் கிடையாது. சளி பிடித்தாலோ, நைட் ஷிப்ட் முடிந்த களைப்பிலோ குரல் தானாகவே மாறும்.

சரி, நோயுள்ளவர், இல்லாதவர் இருவரிடமும் 90 சதவீதம் சரியாகவே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் 50 பேருக்கு மனச்சோர்வு இருந்தால் 45 பேரைப் பிடிக்கும். நன்றாக இருக்கும் 950 பேரில் 95 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக ‘இருக்கு’ என்ற 140 பேரில் மூன்றில் இரண்டு பங்கு தப்பு. விட்டுப்போன 5 பேர்தான் பெரிய கவலை: ஒன்றுமில்லை என்று நம்பி சும்மா இருந்துவிடுவார்கள்.

மனநோயை ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்படிதான் முடிவுசெய்ய வேண்டும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 3-ஐப் பாருங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கம், பசி கெட்டு எதிலும் பிடிப்பில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நேரில் போக மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.