சராசரி வெப்பநிலை மட்டும் போதாது

இரண்டு சூடான தாரைகளுக்கு நடுவே ஒரு குளிர்ந்த தாரை பாயும்போது வெப்பம் எப்படிக் கலக்கிறது என்பதை நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாகவே விளக்குகிறது. ஆனால் வரைபடங்கள் எல்லாமே சராசரி வெப்பநிலையைத்தான் காட்டுகின்றன. உலோகத்தைக் களைப்படைய வைத்து விரிசல் விடச் செய்வது வெப்பநிலையின் ஏற்ற இறக்கம். 1998 மே மாதம் பிரான்சின் சிவோ அணுமின் நிலையத்தில் சூடான நீரும் குளிர்ந்த நீரும் கலக்கும் பகுதியில் குழாய் விரிசல் விட்டுக் கசிந்ததற்கு இதுதான் காரணம்.

அப்புறம், தண்ணீரில் அளந்ததை, சில அணு உலைகளைக் குளிர்விக்கும் திரவ சோடியத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. அறை வெப்பநிலையில் தண்ணீரின் பிராண்டல் எண் (இது சிறிதானால், பாகுத்தன்மையோடு ஒப்பிட வெப்பம் வேகமாகப் பரவும்) சுமார் 7. உலையில் ஓடும் சூட்டில் சோடியத்துக்கு 0.005 அளவுதான். அதனால் சோடியத்தில் சின்னச் சுழல்களின் வெப்ப வேறுபாடு கடத்தலிலேயே கரைந்துவிடும். மிஞ்சும் வெப்பநிலை அலைவோ உலோகச் சுவருக்குள் சுலபமாக இறங்கும். சோடியத்தால் குளிரும் கல்பாக்கம் ஈனுலையில் (எரிபொருளைத் தானே உண்டாக்கும் அணு உலை) எரிபொருள் கட்டுகளுக்கு மேலே இருக்கும் பாகங்களுக்கு இது முக்கியமான கேள்வி.

அளக்கும் கருவியும் முக்கியம். தடித்த தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி உணரி) வேகமான அலைவுகளை மழுப்பிவிடும். தண்ணீர் சோதனை என்றால் ரோடமைன் பி என்ற ஒளிரும் சாயம் கலந்து லேசர் அடிக்கலாம். சூடு ஏற ஏற அதன் ஒளிர்வு குறைவதால் ஒரு தளம் முழுவதன் வெப்பநிலையும் ஒரே படத்தில் கிடைக்கும். அடுத்த பகுதியில் அலைவின் அளவையும் அதிர்வெண்ணையும் தயவுசெய்து சேர்த்து வெளியிடுங்கள்.