ஆறு மாச டிப்ளமோ போதுமாம்!

பிளஸ் டூ முடித்தவர்களுக்கான மேற்படிப்பு வழிகாட்டி நிகழ்ச்சியில் ஒருவர் சைக்காலஜி படிப்பைப் பற்றிப் பேசிய வீடியோ சுற்றுகிறதே, அதில் என்னை டேக் செய்த எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். சுற்றிக்கொண்டிருக்கும் துண்டு கிளிப்பை மட்டுமல்ல, முழுப் பேச்சையும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டேன். "முழுசா கேட்டுட்டுப் பேசுங்க மேடம்" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் அந்தச் சிரமத்தைத் தவிர்க்கலாம்.

பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் தைரியமாக மைக் வாங்கி "சைக்காலஜி எடுக்கலாமா சார்?" என்று கேட்கிறாள். "ஏம்மா, உனக்கு ஏதும் பிரச்சினையா?" என்கிறார் அவர். அரங்கமே சிரிக்கிறது. அதோடு விட்டாரா? "பொண்ணுங்களுக்கு நல்ல படிப்புதான், நாளைக்கு மாமியாரைச் சமாளிக்க உதவும்." மறுபடியும் சிரிப்பு. கடைசியில் ஆலோசனை: "நல்லா பேசத் தெரிஞ்சா போதும்மா. வேற டிகிரி முடிச்சிட்டு ஆன்லைன்ல ஆறு மாசம் ஒரு டிப்ளமோ பண்ணு, நீயும் கவுன்சிலர்தான்."

மாமியார் ஜோக்கைக்கூட மன்னித்துவிடலாம். அந்த டிப்ளமோவை மன்னிக்க முடியவில்லை.

நல்லா பேசத் தெரிந்தால் போதுமாம். நான் பி.எஸ்சி. சைக்காலஜி சேர்ந்த புதிதில் எங்களை யாரும் பேசவே விடவில்லை. புள்ளியியல் நடத்தினார்கள். மூளை, நரம்பு மண்டலம் என்று படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னார்கள். அப்புறம் லேப். ஆமாம், சைக்காலஜிக்கு லேப் உண்டு! முல்லர்-லையர் என்று ஒரு சோதனை, கோட்டின் நீளத்தில் நம் கண் எவ்வளவு ஏமாறுகிறது என்று அளப்பது. ஒரு கோட்டின் இரு முனையிலும் அம்புத்தலை வெளியே பார்க்கும், இன்னொன்றில் உள்ளே பார்க்கும். எதிரில் உட்கார்ந்திருக்கும் தோழி, இரண்டும் ஒரே நீளம் என்று தனக்குத் தோன்றும் வரை அட்டையை நகர்த்த வேண்டும். பின்பக்க ஸ்கேலைப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் பிசகு என்று நாம் குறிக்க வேண்டும். கோட்டைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தடவை, குறைத்துக்கொண்டு வந்து ஒரு தடவை, இப்படியே திரும்பத் திரும்ப. அதன் பிறகு சராசரி, அட்டவணை, ரெக்கார்டு நோட்டு. குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டால் எங்கள் மேடம் எப்படியோ கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டுவிடுவார்.

1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் வுண்ட் சைக்காலஜிக்கென்று ஆய்வகம் தொடங்கிய காலத்திலிருந்தே இது அளந்து பார்க்கிற படிப்பு. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-லேயே இதற்குத் தனித் துறை வந்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் ஊர் மேடையில் இது 'நல்லா பேசறவங்க' படிப்பு.

சரி, வேலைக்கு வருவோம். அவர் அழைக்கப்பட்டதே அதைச் சொல்லத்தானே? சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: பி.எஸ்சி. முடித்த கையோடு யாரும் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. எம்.எஸ்சி. வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர், என்று போட்டுக்கொள்ள ஆர்சிஐ எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி வேண்டும், பதிவு வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே யார் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமாக அதற்கான பிரதான வழி இரண்டு வருட எம்.ஃபில். மருத்துவமனையில் நோயாளிகளோடு, மூத்தவர்களின் மேற்பார்வையில். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மாதிரி இடங்களில் சீட்டுக்கு அடிதடி. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, எம்.ஃபில்.லையே ஒழித்துக்கட்டியபோதுகூட இதற்கு மட்டும் 2025-26 வரை நீட்டிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது வழிமுறையே மாறிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் குழம்பிப்போய் நிற்கிறார்கள். ஒரு வழிகாட்டி வாய் திறக்க வேண்டிய இடம் இதுவா, மாமியாரா?

இன்னொன்றும் இருக்கிறது. சைக்காலஜி பட்டப்படிப்பைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025-இல் யுஜிசி நிறுத்தியேவிட்டது. மூன்று வருடப் படிப்பையே ஆன்லைனில் நடத்தாதே என்கிறது அரசு. இவர் ஆறு மாசத்தில் முடித்துக்கொள் என்கிறார். அந்த டிப்ளமோவை விற்பவர்களுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

"அவர் நகைச்சுவைக்காகச் சொன்னார்" என்கிறீர்கள். அப்படியா? அதே அரங்கில் ஒரு பையன் எழுந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா என்று கேட்டான். அவனிடம் ஒரு ஜோக்கும் இல்லையே! கட்-ஆஃப், கல்லூரி, கேம்பஸ் என்று எவ்வளவு பொறுப்பான பதில்.

"படிச்சா வேலை கிடைக்குமா?" கஷ்டம்தான். இல்லையென்று சொல்லவில்லை. வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் எச்.ஆர்., மறுவாழ்வு மையம், தொண்டு நிறுவனம், சந்தை ஆய்வு என்று ஏதோ ஒன்றில் குறைந்த சம்பளத்தில் நுழையலாம். யுபிஎஸ்சி எழுதுகிறவர்கள் விருப்பப்பாடமாக எடுக்கிறார்கள். ஆனால் இதே கேள்வியை இன்ஜினியரிங் முடித்துவிட்டு டெலிவரி பையோடு சுற்றும் தம்பியிடம் யாரும் மேடையில் சிரித்துக்கொண்டே கேட்பதில்லை. எங்களிடம் மட்டும் கேட்கலாம்.

"இது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்குப் படிப்பு." இதைச் சொன்னவர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார், அதுதான் வலி. என் அப்பா மளிகைக் கடைக்காரர். கல்யாண வீடுகளில் பொண்ணு என்ன படிக்கிறாள் என்று கேட்டால் "பி.எஸ்சி." என்பார். என்ன பி.எஸ்சி. என்றால் "சயின்ஸ்தான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. முழுப்பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் "ஏன், பொண்ணுக்கு ஏதும் பிரச்சினையா?" என்று கேட்பார் என்று அவருக்குத் தெரியும். மேடையில் மைக் வைத்துக்கொண்டு இவர் சொன்னதும் அதே வரிதான். அதைக் கைதட்டி ரசித்துவிட்டு என்னைப் பொழுதுபோக்கு என்கிறீர்கள்.

பிளஸ் டூ ரிசல்ட், நீட் ரிசல்ட் வரும்போது 104-க்கு அழையுங்கள் என்று அரசே சொல்கிறது. 14416 என்று டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. "மனசு சரியில்லையா, பேசுங்கள்" என்று நீங்களும்தான் ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். அந்தப் பக்கம் போனை எடுப்பவர் யார்? எங்கிருந்து வருவார்? 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் சங்கிலியோடு தீயில் போனார்கள். அப்போது எல்லோரும் அதிர்ச்சி அடைந்தோம். பயிற்சி இல்லாதவர்கள் கையில் மனநோயாளிகளை விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாமல் இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவுன்சிலர் என்று சேர்த்தார்கள். எனக்குக் கொடுத்த இடம் விளையாட்டுச் சாமான்கள் அடுக்கியிருந்த அறையில் ஒரு மேசை. ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது பி.டி. சார் உள்ளே வந்து வாலிபால் எடுத்துக்கொண்டு போவார். டீச்சர் வராத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்புவார்கள். அழுதுவிட்டுப் போன பிள்ளை என்ன சொன்னாள் என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டுமாம், சொல்ல மாட்டேன் என்றதும் "அப்புறம் உங்களுக்கு எதுக்கு சம்பளம்?" என்றார்கள். அட்மிஷன் நோட்டீஸில் மட்டும் 'முழுநேர மனநல ஆலோசகர் உண்டு' என்று என் போட்டோவோடு பெரிய எழுத்தில் வந்தது. அந்த வேலையை விட்டுவிட்டேன். எனக்குப் பதிலாக யார் வந்தார் தெரியுமா? ஆறு மாச ஆன்லைன் டிப்ளமோ. என்னைவிடக் குறைந்த சம்பளம், யார் என்ன கேட்டாலும் சொல்லிவிடுவார். நிர்வாகத்துக்கு ரொம்பத் திருப்தி.

அதனால்தான் எனக்கு இது ஜோக்காகத் தெரியவில்லை. "சைக்காலஜி படிச்சவங்க இவ்வளவு கோபப்படலாமா?" என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டாயிற்று. பல் டாக்டருக்குப் பல் வலிக்காதா, சார்?

கடைசியாக, நேற்றைய என் ஒரு வரிப் பதிவைப் பார்த்துவிட்டு "நீங்க சொல்றது ரொம்பக் கரெக்ட் மேடம், எங்க பையன் எந்நேரமும் போனும் கையுமா இருக்கான், அவன்கிட்ட போன்ல ஒரு அஞ்சு நிமிஷம் பேசி மாத்திவிடுங்களேன்" என்று இன்பாக்ஸில் வந்திருப்பவர்களுக்கு: அஞ்சு நிமிஷத்தில் மாற்றித்தர எனக்குத் தெரியாது. பையனைக் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள், முதலில் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கும். ஃபீஸ் உண்டு.