தொழில் என்றால் எந்தத் தொழில்?

அக்கா மகன் ஐடிஐயில் ஃபிட்டர் முடித்தவன். அவனுக்காக ஒரு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன், தலை சுற்றிவிட்டது.

‘தொழிற்கல்வி பயின்றவரா?’ எந்தத் தொழிற்கல்வி? பிளஸ் டூவில் வொகேஷனல் குரூப் எடுத்தாலும் தொழிற்கல்வி. பொறியியல், மருத்துவம் படித்தாலும் தொழிற்கல்வி. அரம் பிடித்து ராவுகிறவனுக்கும் ஸ்டெதாஸ்கோப் மாட்டுகிறவனுக்கும் ஒரே கட்டமா? தொழிலாளியிலும் தொழில், தொழிலதிபரிலும் தொழில். நல்ல சமத்துவம்தான், போங்கள்!

அடுத்து, ‘தொழிற்பழகுநரா, பயிலுநரா, பயிற்சியாளரா?’ பயிற்சியாளர் என்றால் பயிற்சி கொடுக்கிறவரா, வாங்குகிறவரா? அப்ரண்டிஸ் என்று போட்டிருந்தால் டவுன் ரதவீதி டீக்கடையில் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். 1961இல் சட்டம் போட்டதே அந்தப் பெயரில்தானே!

சரி, ‘தகுதி நிலை’யாவது லேசாக இருக்குமா? படிப்பையும் கைத்திறனையும் படிபடியாகத் தரம் பிரிக்கிற தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013இல் வந்தபோது 10 படி. 2023இல் அதை 8 ஆக்கினார்கள். நடுவில் இரண்டரை, மூன்றரை, நாலரை என்று அரைப்படி வேறு. அரிசியை அளக்கிறார்களா, ஆளை அளக்கிறார்களா?

பாவம், பையன். புத்தகத்தில் ‘கடைசல் இயந்திரம்’ என்று உருப்போட்டவன், வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் போய் அதே பெயரைச் சொல்லியிருக்கிறான்.

“ஏலே, கீரை கடையவா வந்திருக்க? லேத்துன்னு சொல்லுலே!” என்றாராம் அண்ணாச்சி.

இப்போது என்னிடம் வந்து, “மாமா, நான் பழகுநரா பயிலுநரா?” என்கிறான். நான் என்னத்தைச் சொல்ல? நாளையோடு கடைசித் தேதி. அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.