ஜனவரி 1 அன்று பிறந்த பிள்ளைகள்

பிறப்புச் சான்று எதுவும் கையில் இல்லாமல் தஞ்சம் கேட்டு வரும் பிள்ளைகளுக்குப் பல நாடுகளின் பதிவேடுகளில் ஜனவரி 1 என்பதே பிறந்த நாளாக எழுதப்படுகிறது. தெரியாத நாளுக்கு அதிகாரி ஏதோ ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் பிறந்த ஆண்டையும் அதேபோல் ஊகித்து, பதினாறு வயதுப் பையனைப் பெரியவர்களோடு தடுப்பு முகாமில் அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதினெட்டுக்குக் கீழ் என்றால் பள்ளியும் பாதுகாவலரும் உண்டு. மேல் என்றால் இல்லை. அந்த வயதைக் கண்டுபிடிக்கப் பல இடங்களில் கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து ஒரு படத்தொகுப்போடு ஒப்பிடுகிறார்கள். அத்தொகுப்போ, 1930-களில் அமெரிக்காவில் வசதியான வெள்ளையினக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் எடுத்த படங்களை முதன்மையாகக் கொண்டது. எலும்பு வளர்ச்சியைக் கவனிக்க உருவாக்கப்பட்டதே தவிர, வயதை நிறுவ அல்ல. பசியிலும் நோயிலும் வளர்ந்த உடம்பு அந்தப் படங்களோடு எப்படிப் பொருந்தும்?

விசாரணை இதைவிடக் கடினமானது. எந்த மாதம் புறப்பட்டாய், எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தாய் என்று பெரியவர்களிடம் கேட்பதையே பத்து வயதுப் பிள்ளையிடமும் கேட்டால், அதற்கு மாதம் நினைவிருக்காது. படகில் ஏறுகையில் தம்பியின் ஒற்றைச் செருப்பு தண்ணீரில் விழுந்ததுதான் நினைவிருக்கும். இரண்டாம் முறை கேட்கும்போது நாட்கணக்கு மாறினால், கோப்பில் ‘முரண்பாடு’ என்று பதிவாகிறது. அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றங்களில் அரசு தன் செலவில் வழக்கறிஞர் அமர்த்தித் தரக் கடமைப்பட்டதில்லை என்பதால், மழலை மாறாத குழந்தைகள்கூட அரசு வழக்கறிஞருக்கு எதிரே தனியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, தஞ்சம் கோரும் குழந்தைக்குப் பாதுகாப்பும் உதவியும் தரச் சொல்கிறது. (அமெரிக்கா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை.) அப்படியிருந்தும், ஆண்டுதோறும் குறைந்தது 3,30,000 குழந்தைகள் குடிவரவுக் காரணங்களுக்காகத் தடுத்து வைக்கப்படுவதாக 2019-இல் ஐ.நா.வின் உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது.

வயதைக் குறைத்துச் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள்; பிள்ளைகள் தங்கும் விடுதியில் ஒரு பெரியவரைச் சேர்ப்பதும் ஆபத்துதான். அதற்கு வழி கவனமான மேற்பார்வை. சந்தேகத்தின் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதல்ல. இத்தாலி 2017-இல் இயற்றிய சட்டம், ஆய்வுக்குப் பிறகும் ஐயம் நீங்கவில்லை என்றால் சிறுவராகவே கருத வேண்டும் என்கிறது. துணையின்றி வருவோருக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வப் பாதுகாவலர்களை அமர்த்தவும் வழி செய்கிறது. ஒரு நாட்டுச் சட்டத்தில் எழுத முடிந்ததை மற்ற நாடுகளும் எழுதலாம்.

தாமதத்தையும் சொல்ல வேண்டும். டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு அதே ஆண்டின் ஜனவரி 1 என்று எழுதும்போதே ஏறத்தாழ ஓராண்டு பறிபோகிறது; விண்ணப்பம் மேசையில் கிடக்கும் காலத்தில் மிச்சமும் கரைகிறது. விண்ணப்பித்தபோது சிறுவராக இருந்தவர், முடிவு வருமுன் பதினெட்டைத் தாண்டி, பிறகு அகதியாக ஏற்கப்பட்டால், பெற்றோரை வரவழைக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. தங்குமிடம், பள்ளி, பாதுகாவலர் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு பொருந்த வேண்டும் என்றுதான் கேட்கிறேன்: பிள்ளை வந்து கதவைத் தட்டிய நாளில் என்ன வயதோ, அதுவே வயது.